மூன்றாய்ப் பிரியாத கோணம்

எங்கள் அண்ணன் இறைவன் திருவடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. தங்கை என்ற உரிமையில், அவர் கணக்கின்மேல் கொண்டிருந்த பித்தைப் பற்றி நாலு வார்த்தை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது கிள்ளானில். அப்பா ஊரிலிருந்து கப்பலேறி வந்து, ரயில் பாதை போடும் ஆட்களுக்குக் கங்காணியாக இருந்தவர். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் எனக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்தது அண்ணன்தான். பின்னல் கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, ஒரு நாள் காகித முக்கோணம் ஒன்றின் மூன்று மூலைகளையும் கிழித்து அப்பா முன்னால் சேர்த்து வைத்தார். மூன்றும் சேர்ந்து நேர்கோடாக நின்றன.

“எந்த முக்கோணமா இருந்தாலும் இப்படித்தாம்ப்பா. ஊர்ல வரைஞ்சாலும் கிள்ளான்ல வரைஞ்சாலும் ஒண்ணுதான். கப்பல் ஏறினா மாறிடாது.”

“கப்பல் ஏறியும் மாறாதது ஒண்ணாவது இருக்கே,” என்றார் அப்பா.

பிறகு பிரிக்பீல்ட்ஸில் வாத்தியார் வேலை கிடைத்தது. அண்ணியும் வந்தார்கள். ஒரு கோணத்தை இரண்டு சம பங்காக்கப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அளவு குறிக்காத கோலும் கவராயமும் மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கோணத்தையும் மூன்று சம பங்காக்க வேண்டும் என்பதுதான் அண்ணனின் ஆசை. வீட்டுச் சிமெண்டுத் தரையெல்லாம் சுண்ணாம்புக் கோடுகள். அண்ணி கோட்டை அழிக்காமல் சுற்றிச் சுற்றிக் கூட்டுவார்கள்.

பல வருஷம் கழித்து வழி கிடைத்துவிட்டது என்றார். நம்மவர்களுக்குக் கேட்கவா வேண்டும்! சரிபார்க்க ஆள் தேடுவதற்கு முன்பே பொன்னாடை வாங்கிவிட்டார்கள். கோயில் மண்டபத்தில் பாராட்டுக் கூட்டம். கடைசி வரிசைக்கும் தெரியட்டும் என்று பெரிய கரும்பலகை வைத்து, கயிற்றில் சுண்ணாம்புக் கட்டியைக் கட்டி வரையச் சொன்னார்கள். சிறிய தாளில் பென்சில் கோட்டின் தடிப்பில் மறைந்திருந்த இடைவெளி பலகையில் கண்ணுக்குத் தெரிந்தது. சமம் என்று அவர் நம்பியிருந்த இரண்டு நீளங்கள் சமமில்லை. அண்ணன் கயிற்றை வைத்து இரண்டையும் மறுபடி அளந்தார். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினார்.

“பெரியவங்க மன்னிக்கணும். இது தப்பு.”

கோயில் தலைவர் பொன்னாடையோடு எழுந்துவிட்டிருந்தார். “ஒரு நூல் அளவுதானே வித்தியாசம் மாஸ்டர். யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியுதே ஐயா. கிட்டத்தட்ட சரிங்கிறது இங்க கிடையாது.”

பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அன்றிலிருந்து ‘மூணு பங்கு வாத்தியார்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மார்க்கெட்டில் அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரியும். அண்ணன் சிரித்துவிட்டுப் போவார்.

நீரிழிவு முற்றி, காலில் புண் வைத்துப் படுக்கையில் விழுந்தபோதும் அதே கோணம்தான். ஒரு நாள் பார்க்க வந்த யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “உது ஏலாது அண்ணை. ஏலாதெண்டு முந்தியே நிறுவிப்போட்டினம்.”

“இதுவரைக்கும் யாராலயும் முடியலையா?”

“இனியும் ஒருத்தராலும் ஏலாது.”

அண்ணன் உயிர் அங்கேயே போய்விடும் என்று பயந்தேன். அவரோ தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லி, “எப்படின்னு காட்டுங்க” என்றார். அல்ஜீப்ரா வழியாக அந்த வாத்தியார் சில மாலைகள் பொறுமையாக விளக்கினார். முடிந்த அன்று அண்ணன் கண்களில் நீர் வழிந்தது. “முடியாதுங்கிறதக்கூட எவ்வளவு அழகாக் காட்டியிருக்காங்க பாரும்மா!” என்றார். அவ்வளவு நிம்மதியாக அவர் முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அடுத்த வாரம் கண்ணை மூடினார்.

வைத்தியம் பார்த்தவர்கள், தோள் கொடுத்தவர்கள், பதினாறாம் நாள் வரை அடுப்பைப் பார்த்துக்கொண்ட அண்டைவீட்டார், யாழ்ப்பாணத்து வாத்தியார் ஆகிய எல்லோருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். இறுதிச் சடங்கில் இரங்கல் பேசிய அதே தலைவர், மரியாதைக்காக, “கோணத்தை மூணாப் பிரிச்ச மேதை” என்று தொடங்கினார். அழுதுகொண்டிருந்த அண்ணி தலை நிமிர்ந்தார்கள்.

“அப்படிச் சொல்லாதீங்கய்யா. அவரால முடியல. யாராலயும் முடியாதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, சந்தோஷமாத்தான் போனாரு.”

தலைவர் மேல்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “நான் சொன்னது தப்பு,” என்று சபையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, முதலிலிருந்து பேசத் தொடங்கினார்.