நாற்காலிச் சின்னம்

எங்கள் வீட்டுப் பரணில் தகரத்தில் வெட்டிய நாற்காலி ஒன்று கிடக்கிறது. சிவப்புச் சாயம் பூசியது. ஒரு காலில் துரு ஏறிவிட்டது. பொங்கலுக்குப் பரணை ஒழிக்கும்போதெல்லாம் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்று எடுப்பேன், பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். என் அப்பா நகரசபைத் தேர்தலில் சுயேச்சையாக நின்றபோது அவருக்குக் கிடைத்த சின்னம் அது.

அப்பா இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். கடைசிச் சில வருடங்கள் எங்கள் பகுதி ஸ்டேஷனிலேயே இருந்துவிட்டு, சேலையூரில் கட்டிய வீட்டோடு தங்கிவிட்டார். தொண்ணூறுகளின் நடுவில், வெகுகாலம் நடக்காமல் கிடந்த உள்ளாட்சித் தேர்தல் வந்தது. கேம்ப் ரோட்டில் அப்போது சங்கிலி அறுப்பு அதிகம், தெருவிளக்குகளில் பாதி எரியாது, ஏரிக்கரைப் பக்கம் சாராயம் ஓடியது. ஒரு போலீஸ்காரன் கவுன்சிலரானால் இதெல்லாம் ஒழிந்துவிடும் என்று நோட்டீஸ் அடித்தார். "கவுன்சிலருக்குச் சாக்கடையைத்தான் குடுப்பாங்க, ஸ்டேஷனைக் குடுக்க மாட்டாங்க" என்றாள் அம்மா. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த ஊரை ஒழுங்காகக் காத்தவன் நீதான் என்று ஊரே ஒருமுறை வாயால் சொல்ல வேண்டும், அதைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூட வேண்டும். அவர் நின்றது அதற்காகத்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

நான் அப்போது கல்லூரி முடித்துவிட்டு வீட்டிலிருந்தேன். நோட்டீஸ் கட்டோடு அவர் பின்னால் போவது மகளான என் வேலை. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, தகர நாற்காலியைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு வருவான். ஓட்டுக் கேட்பது எப்படி என்று அப்பாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கையிலிருக்கும் சாவிக்கொத்தால் கேட்டைத் தட்டுவார், காலை அகட்டி நிற்பார், "வீட்ல யாரு?" என்பார். உள்ளே இருப்பவர்கள் பதறிக்கொண்டு ஓடி வருவார்கள். ஒரு பால்காரர் கும்பிடு போட்டுவிட்டு, சைக்கிளுக்கு நேற்றே லைட் மாட்டிவிட்டதாகச் சொன்னார். நானும் அண்ணனும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. அப்பாவுக்கோ அது மரியாதையாகப்பட்டது.

ஒரு சந்துக்குள் ஓடு வேய்ந்த வீடு ஒன்று. பள்ளிக்கூடத்தில் ஆயாவாக வேலை பார்க்கும் அம்மா ஒருவர் வெளியே வந்தார். அப்பாவைப் பார்த்ததும் மற்றவர்கள்போல் அவர் பதறவில்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அண்ணன் தூக்கிப் பிடித்திருந்த தகர நாற்காலியைப் பார்த்தார். உள்ளே போய், பிளாஸ்டிக் ஒயர் பின்னிய இரும்பு நாற்காலி ஒன்றை எடுத்து வந்து வாசலில் போட்டு, முந்தானையால் துடைத்தார்.

"உக்காருங்க சார். அன்னிக்கு உங்க டேசன்ல நாள் பூரா நின்னுகினு இருந்தேன். யாரும் என்னை உக்காருன்னு சொல்லல."

அப்பாவுக்கு ஆள் நினைவில்லை. அந்த அம்மாவே சொன்னார். கூடுவாஞ்சேரியில் ஓட்டல் வேலைக்குப் போன மூத்த மகன் இரவு வீடு திரும்பவில்லை. விடிந்ததும் ஸ்டேஷனுக்கு ஓடினார். மந்திரி வருகிறார், எல்லோரும் ஜி.எஸ்.டி. ரோட்டில் பந்தோபஸ்துக்குப் போக வேண்டும், அப்படி ஓரமாக நில் என்றார்கள். சாயங்காலம் கேட்டபோது, பையன் ரயிலில் வருபவன் என்றால் ரயில்வே போலீசில் போய்ச் சொல் என்றார்கள். அங்கே போனால், ஆள் காணோம் என்றால் உங்கள் ஏரியாவில்தான் எழுத வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். எதையும் அவர் குரலை உயர்த்திச் சொல்லவில்லை.

"மறுநாள் பெருங்களத்தூராண்ட தண்டவாளத்து ஓரமா கெடந்தான் சார். நான் டேசன்ல நின்ன அன்னிக்கு ராத்திரி வரிக்கும் உசிரு இருந்துச்சின்னு டாக்டரு சொன்னாரு."

அப்பா உட்காரவில்லை. சாவிக்கொத்தைச் சட்டைப்பைக்குள் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். "எம் மேல தப்புதாம்மா" என்று சொல்வார் என்று நான் காத்திருந்தேன். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் முழுதாக இன்னும் போகவில்லை.

மிச்சமிருந்த நோட்டீஸ்கள் கட்டுப் பிரிக்காமலே கிடந்தன. தோற்றார். யாரும் ஆச்சரியப்படவில்லை. அதன்பிறகு கரண்ட் ரீடிங் எடுப்பவர் வந்தாலும் எழுந்து நின்று, உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். வந்தவர் உட்காரும்வரை தான் உட்கார மாட்டார். மனிதர்கள் சங்கடப்படுவார்கள், அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அந்தச் சந்து வீட்டைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒருமுறைதான் பேசினார், அதுவும் ஆஸ்பத்திரிக் கட்டிலில். "அன்னைக்கு மந்திரி அந்த வழியா வரவே இல்லம்மா. புரோகிராம் மாறிடுச்சு. ரோட்டுல சும்மாதான் நின்னோம்" என்றார்.

போன மாதம் என் மொபைல் தொலைந்துபோய்ப் புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போனேன். இப்போது அங்கே வரிசையாக ஸ்டீல் நாற்காலிகள், தலைக்கு மேல் மின்விசிறி. இளம் பெண் காவலர் ஒருவர் சிரித்த முகத்தோடு உட்காரச் சொன்னார். அப்பா இதைப் பார்த்திருக்கலாமே என்று மனம் நிறைந்துதான் போயிற்று. பக்கத்து நாற்காலியில் ஒரு பெண். பொத்தேரியில் மாணவர் விடுதி ஒன்றில் சமையல் வேலை, தங்கையை முந்தாநாளிலிருந்து காணவில்லை. எல்லை வேறு என்று அந்த ஊர் ஸ்டேஷனிலிருந்து இங்கே அனுப்பியிருக்கிறார்கள், இங்கேயும் அதையே சொல்கிறார்களாம். எப்போது வந்தாய் என்று கேட்டேன்.

"காலையிலேர்ந்து உக்காந்துகினுதான் கீறேன்கா. சேரு குடுத்துட்டாங்க. எழுதிக்கத்தான் மாட்டேன்றாங்க."

பரணில் கிடக்கும் தகர நாற்காலி நினைவுக்கு வந்தது. என் புகாரை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து எழுப்பி, இன்ஸ்பெக்டர் அறைக்குள் போனேன். அவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எதிரே இருந்த நாற்காலிகளைக் காட்டி உட்காரச் சொன்னார். நீங்கள் எழுதிக்கொள்ளும்வரை நிற்கிறோம் என்றேன்.