சந்தேகத்துக்கு மார்க் இல்லை

கார் எரிந்தால் சொந்தக்காரனுக்கு வயிறு எரியும்; நம்ம ஆளுக்கு மூக்கில் வேர்க்கும். காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களை விசாரிக்கும் வேலை. அழுதுகொண்டு வந்து நிற்கிறவரிடமும், "அதிருக்கட்டும், சாவி எங்கே?" என்பார். எதற்கெடுத்தாலும் ரசீது கேட்பதால் ஆபீஸில் அவர் பெயரே 'ரசீது'.

அந்த மனுஷருக்கு மேற்படிப்பு ஆசையை மூட்டிவிட்டது மனைவிதான். வெளியூர்க் கல்லூரி, இரண்டு வருட மேலாண்மைப் படிப்பு, அதற்கொரு நுழைவுத் தேர்வு. கணக்கில் புலி. மாதிரித் தேர்வுகளின் தர்க்கப் பகுதியில்தான் மண்ணைக் கவ்வினார்.

சாப்பாட்டு மேசையில் மனைவி கேள்வியை வாசித்தாள். "புதுப் பாலம் வந்தப்புறம் பேக்கரியில விற்பனை கூடியிருக்கு. அதனால பாலம்தான் காரணம்கிறான். இந்த வாதத்துல ஓட்டை எங்கே?"

"விற்பனை கூடிச்சுன்னு எவன் சொன்னான்? பில்லைக் காட்டச் சொல்லு."

"ஐயோ கடவுளே! கொடுத்த தகவலை அப்படியே நம்பிடணும்ங்க. அதிலேர்ந்து முடிவுக்கு எங்கே தாவுறான்னு மட்டும் பாருங்க. பக்கத்துக் கடையை மூடினதாலகூட கூடியிருக்கலாம்ல?"

நம்புவதா! சர்வீஸிலேயே அவர் செய்யாத காரியம் அது. பல்லைக் கடித்துக்கொண்டு பழகினார். மார்க் ஏறியது. கூடவே இன்னொன்றும் ஏறியது. இவள் ஏன் இப்படி விழுந்து விழுந்து சொல்லித்தருகிறாள்? பெட்டியைக்கூடப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தாயிற்றே!

ஒரு நாள் கழுவுதொட்டியில் இரண்டு டம்ளர் கிடந்தன.

"யார் வந்தா?"

"நான்தான் ரெண்டு தடவை டீ குடிச்சேன்."

டம்ளரை மாற்றி மாற்றிக் குடிக்கிற மனுஷியும் உண்டா? டிவியின் முதுகைத் தொட்டுச் சூடு பார்த்தார். அன்று முழுக்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தேர்வில் தேறி இடமும் கிடைத்தது. மனைவி கைதட்டிக் குதித்தாள். அவருக்கோ அந்தக் குதிப்பே சந்தேகமாகப் பட்டது. கேட்டே விட்டார்.

"நான் ரெண்டு வருஷம் வீட்ல இருக்கக் கூடாதுன்னு உனக்கு ஆசை. இல்லேன்னு சொல்லு பார்ப்போம்."

"இல்லேன்னு சொல்லலையே."

"அப்போ வேற யாரோ இருக்கான்."

அவள் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"தகவல் சரிங்க. தாவினதுதான் தப்பு. யாரும் இல்லை. கேள்வி கேக்க ஆளில்லாத வீட்ல கொஞ்ச நாள் இருந்து பார்க்கணும். அவ்வளவுதான்."

கல்யாணமானதிலிருந்து அவள் சொன்ன ஒன்றை அவர் அப்படியே நம்பியது அன்றைக்குத்தான். நம்பாமலே இருந்திருக்கலாம் என்று தோன்ற, அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.