எசமானி சாகும்வரை

டெல்பி ஊரில் அடுத்து என்ன நடக்கும் என்பது குறி சொல்லும் அப்போலோ தெய்வத்துக்கே என்னைக் கேட்டுத்தான் தெரியும். சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். தெய்வத்துக்கு அடுத்தபடியாக எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் தெரு சோப்பிரா விஷயத்தில் இருவருமே கோட்டை விட்டோம்.

சோப்பிரா அடிமை. பதினைந்து வருடம் நூல் நூற்றுச் சேர்த்த வெள்ளியை எசமானி அரிஸ்தோமகாவிடம் கொடுத்து விடுதலை வாங்கினாள். ஊர் வழக்கப்படி, அவளைத் தெய்வத்துக்கு விற்றதாக, இனி மனிதர் யாருக்கும் அடிமையில்லை என்று கோயில் சுவரில் எழுத்து வெட்டினார்கள். கூடவே ஒரு வரி: எசமானி சாகும்வரை அந்த வீட்டிலேயே குறையில்லாமல் பணிவிடை செய்யவேண்டும், குறை வந்தால் விடுதலை செல்லாது.

எசமானிக்கு அப்போதே எழுபது வயது, ஓயாத இருமல். "இந்த ஆலிவ் பறிப்பைத் தாண்டாது," என்று சோப்பிரா செக்குக்கார தாமோனிடம் சொன்னாள். அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்தவன் அவன்.

குறை வரக்கூடாதே! வேளாவேளைக்கு பார்லிக் கஞ்சி, ஆட்டுப்பால், தேன். கிழவிக்கு இருமல் நின்றது. மறுவருடம் கன்னத்தில் சதை வைத்தது. அதற்கடுத்த வருடம் புதுப்பல் முளைத்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

"என்னடி, மூச்சு இருக்கான்னு பாக்குறியா?"

"இல்லம்மா, போர்வை விலகிருக்கான்னு பாத்தேன்."

"நல்லாப் பாரு. சுவத்துல வெட்டினது மறந்துடப் போகுது."

கிணற்றடியில் ஒருநாள் தாமோன் அவளை மறித்தான். "ஒரு வேளை கஞ்சிய மறந்துதான் பாரேன்."

"மறந்தா நான் மறுபடி அடிமை. மறக்கலேன்னா அவ சாகமாட்டா. நான் என்னய்யா செய்ய?"

ஒன்பதாம் வருடம் தாமோன் வேறொருத்தியைக் கட்டினான். சோப்பிராவுக்கு முடி நரைத்தது. கிழவிக்கு நரைத்த முடி கறுத்தது.

கடைசியில் போன குளிர்காலத்தில் ஓர் அத்திப்பழம் தொண்டையில் சிக்கி எசமானி போய்ச் சேர்ந்தாள். அன்று காலையே சோப்பிரா தலைவாரி, நல்ல சால்வை போர்த்தி, கதவைக்கூடச் சாத்தாமல் தெருவில் ராணி மாதிரி நடந்தாள். இதுவரை எழுதியதை நான் படித்துக் காட்டினேன். பக்கத்தில் கம்பளி வாரிக்கொண்டிருந்த கல்லோ என்கிற என் நாத்தனார் சீப்பைக் கீழே வைத்தாள்.

"அவ எங்க நடந்தா, அண்ணி? ஜுரத்துல செத்துப்போனவள நாலு பேர் தூக்கிட்டுல்ல போனாங்க. கிழவி நேத்துகூட புதுசா வாங்கின பொண்ணத் திட்டிக்கிட்டிருந்தா."