நான்காம் டிரம்மின் ‘வேண்டாம்’

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் சின்னாளப்பட்டிக்குப் போய்த் தங்கமுத்து அண்ணனைக் கேட்டுக்கொள்ளலாம். மனுஷன் இன்றைக்கும் முழுசாக, உயிரோடு இருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை நான் நினைத்தது நடந்திருந்தால் இருந்திருக்க மாட்டார். இருபது நிமிடம் விடாமல் அவரைக் கொல்லப் பார்த்தேன். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமலேயே.

இன்னொன்று. பேய் ராத்திரியில்தான் வரும் என்று எவன் சொன்னானோ தெரியாது. எனக்கு வந்தது பட்டப்பகல் ஒரு மணிக்கு. வெளியே திண்டுக்கல் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

என் பெயர் ஹுஸ்னா. பேகம்பூரில் வீடு. என் வேலை என்னவென்று சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வாய் வலித்துவிடும். கறுப்புத் திரையில் வெறும் எழுத்தையும் கோட்டையும் வைத்துப் பெட்டி, பட்டன், பட்டியல் எல்லாம் செய்வேன். படம் கிடையாது. மவுஸ் கிடையாது. ‘டேப்’ விசையை அமுக்கினால் வெளிச்சம் ஒரு பட்டனிலிருந்து அடுத்த பட்டனுக்குத் தாவும். ‘எண்டர்’ அமுக்கினால் வெளிச்சம் எந்தப் பட்டனில் இருக்கிறதோ அது வேலை செய்யும். அவ்வளவுதான். “இந்தக் காலத்துல இதையெல்லாம் எவன் கேக்குறான்?” என்பார்கள். தோல் பதனிடும் ஷாப்பில் கேட்கிறார்கள். சுண்ணாம்பும் சாயமும் ஒட்டின கையில் மவுஸ் ஒரு மாதம் தாங்காது.

அந்தத் தோல் ஷாப்பின் பெயரைச் சொல்ல மாட்டேன். முதலாளி தப்ரேஸ் பாய். தோலைப் போட்டுச் சுழற்றும் மர டிரம் நாலு அங்கே உண்டு. ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை அளவு. அவற்றை ஓட்டும் பழைய புரோகிராமைத் தூக்கிவிட்டு, தமிழில் புதுத் திரை செய்து தர என்னைக் கூப்பிட்டிருந்தார். பழைய புரோகிராமை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்தவர் எழுதியதைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

தமிழில் செய்யச் சொன்னார் பாருங்கள், அங்கேதான் என் உயிர் போனது. கறுப்புத் திரையில் எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு கட்டம். நம் எழுத்து அதில் அடங்குமா? கொம்பு ஒரு கட்டத்தில், கால் இன்னொரு கட்டத்தில். பெட்டியின் வலதுபக்கக் கோடு எலி கடித்த மாதிரி இருக்கும். மூன்று வாரமாக அந்தக் கோட்டோடு மல்லுக்கட்டினேன். இரண்டு வெள்ளிக்கிழமை செய்து காட்டப் போய் இரண்டு முறையும் அசிங்கப்பட்டேன். இது மூன்றாவது வெள்ளி.

மணி 12:35. எல்லோரும் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார்கள். தப்ரேஸ் பாய் தொப்பியை மாட்டிக்கொண்டே என் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

“மொத மூணு டிரம்லயும் தோல் கெடக்கு, தொட்றாத. நாலாவது காலி. ரெண்டு மணிக்கு நான் வாரப்ப அது ஓடணும். ஓடலன்னா வேற ஆளப் பாத்துக்குறேன் ஹுஸ்னா.”

“ஓடும் பாய்.”

வேறு ஆளாம்! மூன்று வாரம் கண் அவிய உட்கார்ந்தவள் நான்.

12:58. கோடு நேராக நின்றது. ஒரு கால்கூட வெளியே நீட்டவில்லை. எழுந்து நின்று எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன். இனி ஒரே ஒரு சோதனைதான் பாக்கி.

டிரம்மை ஓட்டச் சொன்னதும் ஒரு பெட்டி திறக்கும். ‘ஓட்டவா?’ என்று கேட்கும். கீழே இரண்டு பட்டன். ‘ஆம்’, ‘வேண்டாம்’. என் பெட்டிகளில் வெளிச்சம் எப்போதும் ‘ஆம்’ மேல்தான் விழும். கல்லூரியில் படிக்கும்போது என் முதல் பெட்டியைச் செய்து நெட்டில் இலவசமாகப் போட்டேனே, அன்றிலிருந்து அதுதான் என் வழக்கம். ஓட்டச் சொன்னவனிடம் மறுபடி கேட்பதே அதிகப்பிரசங்கித்தனம். எண்டர், எண்டர். வேலை முடிந்தது.

1:04. நான்காம் டிரம்மைத் தேர்ந்தெடுத்து எண்டர் தட்டினேன். பெட்டி திறந்தது.

வெளிச்சம் ‘வேண்டாம்’ மேல் இருந்தது.

சரி, எங்கேயோ தப்பாக எழுதிவிட்டேன் என்று நினைத்தேன். மூடிவிட்டு ஒன்று, இரண்டு, மூன்றின் பெட்டிகளைத் திறந்து மட்டும் பார்த்தேன். மூன்றிலும் ‘ஆம்’. மறுபடி நான்கு. ‘வேண்டாம்’. நாலு டிரம்முக்கும் ஒரே பெட்டிதான். ஒரே வரிதான். அந்த வரியில் ‘ஆம்’ என்றுதான் இருக்கிறது.

டேப் அமுக்கினேன். வெளிச்சம் ‘ஆம்’ மேல் வந்தது. எண்டருக்கு விரல் போவதற்குள்...

டொக்.

வெளிச்சம் ‘வேண்டாம்’ மேல்.

என் விசைப்பலகையில் அப்படிச் சத்தம் வராது. சத்தம் வெளியிலிருந்து, டிரம் கொட்டகைப் பக்கமிருந்து வந்தது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. எரிச்சல் கண்ணை மறைத்திருந்தது.

டேப். டொக். டேப். டொக். விரலை எண்டர் மேலேயே வைத்துக்கொண்டு மின்னலாக அமுக்கினேன். அதற்கு முன்பே டொக். ‘ரத்து செய்யப்பட்டது’ என்று திரை சொன்னது. ஆறு தடவை. எட்டு தடவை. பத்து.

“என்னதான்டா வேணும் உனக்கு?” என்று திரையைப் பார்த்துக் கத்தினேன்.

1:11. இரண்டு பட்டனையும் இடம் மாற்றி வைத்தேன். ‘வேண்டாம்’ இடது பக்கம் போனது. வெளிச்சமும் கூடவே போனது.

1:15. விசைப்பலகைதான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, வயரைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

டொக்.

விசைப்பலகை என் கையில் இருக்கிறது. வயர் தொங்குகிறது. திரையில் வெளிச்சம் ‘ஆம்’ மேல் போய்... டொக்... ‘வேண்டாம்’ மேல் வந்து நின்றது.

ஏசி இல்லாத அறை. உள்ளங்கை மட்டும் சில்லென்று ஆனது.

ஆனாலும் என் புத்தி இருக்கிறதே, அது பயப்படாது, காரணம் தேடும். வயரை மறுபடி சொருகினேன். எந்த விசை, எந்த நொடியில், எந்த விசைப்பலகையிலிருந்து வருகிறது என்று குறித்துக்கொள்ளும் ஒரு பதிவை ஓடவிட்டேன். என் அறையில் இருப்பதற்கு எண் 0. ஒவ்வொரு டிரம்மின் பக்கத்திலும் ஒரு விசைப்பலகை உண்டு. 1, 2, 3, 4.

மணி 1:19. பெட்டியைத் திறந்தேன். டேப் அமுக்கினேன்.

01:19:40 – விசைப்பலகை 0 – டேப்.

01:19:41 – விசைப்பலகை 4 – டேப்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யாரோ கொட்டகையில் நின்றுகொண்டு என்னோடு விளையாடுகிறான்! பெட்டியைத் திறந்தபடியே விட்டுவிட்டு எழுந்தேன்.

1:24. கொட்டகை காலி. முதல் மூன்று டிரம்மிலிருந்தும் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். பச்சைத் தோல் நாற்றம். நான்காம் டிரம் கடைசியில், இருட்டான மூலையில் இருந்தது.

அதன் பக்கத்துச் சுவரில் ஒரு இரும்புத் தாங்கி. அதன் மேல் தூசி.

விசைப்பலகை இல்லை.

வயர் பாதியில் வெட்டப்பட்டு ஆணியில் சுற்றிக் கிடந்தது. வெட்டுவாயில் பச்சை பூத்திருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

லொக்... என் காதருகே.

டிரம்முக்குள்ளிருந்து ஒரு இருமல்.

“ஆரது... பாப்பாவா? சாப்டியா?”

டிரம் வாசல் வழியே தலை மட்டும் வெளியே வந்தது. டிரம் கழுவும் தங்கமுத்து அண்ணன். கையில் சுரண்டும் தகடு.

“அண்ணே... நீங்க எப்ப உள்ள போனீங்க?”

“பன்னெண்டே முக்காலுக்கே எறங்கிட்டேன். இதக் கழுவி முடிச்சாத்தான் சாயங்காலம் நேரத்தோட பஸ்ஸப் புடிக்கலாம்.”

“மெயின அணைக்கலையா?”

“அணச்சா உன் கம்ப்யூட்டரும் அணஞ்சிருமே. பாப்பா வேல பாக்குதேன்னு விட்டுட்டேன்.”

 ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ‘ஆம்’ ஒரே ஒரு தடவை அமுங்கியிருந்தால்... அந்த மரச் சுவரும், உள்ளே நீட்டியிருக்கும் கட்டைகளும், அவரும்... எனக்காக மெயினை விட்டுவைத்த மனுஷன். வாய்விட்டு அழுதேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“வெளிய வாங்கண்ணே. மொதல்ல வெளிய வாங்க.”

இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இறங்கும்போது சட்டைப் பையிலிருந்து போன் நழுவி உள்ளே விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அது அடிக்கத் தொடங்கியது.

“எம்பொண்டாட்டி முத்துப்பேச்சியாத்தான் இருக்கும். எடுக்கலேன்னா பதறிருவா.”

“இருங்க, நான் எடுத்துத் தாரேன்.”

என் புத்தி அப்போது எங்கே போனதோ. வாசல் வழியே தலையையும் இரண்டு கையையும் விட்டு, இடுப்பு வரை உள்ளே சாய்ந்து துழாவினேன். எட்டவில்லை. இன்னும் சாய்ந்தேன். போன் அடித்து ஓய்ந்த பிறகுதான் கையில் கிடைத்தது.

1:50-க்குத் தப்ரேஸ் பாய் வந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் ஓடிப்போய் மெயினை இறக்கினார். பிறகு தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, இதே ஜும்மா நேரம். பழனிக்குமார்னு ஒரு ஆள். நாலாம் டிரம்ம உள்ள எறங்கிக் கழுவிட்டு இருந்தான். அப்ப இருந்த மேஸ்திரி, காலின்னு நெனச்சு பக்கத்துல இருந்த கீபோர்டுல தட்டிட்டான். ஓட்டவான்னு கேட்டுச்சாம். பழக்க தோசம். படிக்காமலே ரெண்டாவது எண்டரும் தட்டிட்டான்.”

“அந்தக் கீபோர்டு?”

“போலீஸ் வந்து வயர வெட்டி எடுத்துட்டுப் போனாங்க. திரும்ப வரல.”

“ஏன் பாய் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ வருவியா?”

அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்திருப்பேனே!

மறுநாள் சனிக்கிழமை. சாமான்களை எடுத்துவரப் போனேன். கணினியைப் போட்டு, முதல் தடவையாகப் பழைய புரோகிராமைத் திறந்தேன். எவன் அந்தப் பெட்டியைச் செய்தான் என்று பார்க்க வேண்டும். அவனைக் கண்டுபிடித்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

பெட்டிக்கான பக்கத்தின் தலையில் பெயர் இருந்தது.

ஹுஸ்னா. நான் கல்லூரியில் படித்த வருடம்.

நெட்டில் நான் இலவசமாகப் போட்ட பெட்டி. எவரோ எடுத்து அப்படியே வைத்திருக்கிறார். கீழே என் குறிப்பும் அழியாமல் இருந்தது. ‘எதற்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டும்? ஆம் என்றே வைத்துவிட்டேன்.’

மேஸ்திரி படிக்காமலே தட்டிய அந்த ‘ஆம்’ நான் வைத்தது.

கடைசியாக முந்தின நாள் பதிவைத் திறந்தேன். நான் அறையை விட்டுப் போன பிறகு எதுவும் இருக்காது என்றுதான் நினைத்தேன்.

ஒரே ஒரு வரி இருந்தது.

01:31:09 – விசைப்பலகை 4 – டேப்.

வெளிச்சம் ‘வேண்டாம்’ மேல் இருந்தபோது நான் எழுந்து போனேன். அதற்குப் பிறகு ஒரு டேப். அப்படியென்றால் வெளிச்சம் ‘ஆம்’ மேல் வந்திருக்கிறது.

தங்கமுத்து அண்ணனைக் கூப்பிட்டேன். போனைக் காட்டச் சொன்னேன். முத்துப்பேச்சி அக்காவின் அழைப்பு. எடுக்கப்படாதது.

மணி 1:31.

அவர் வெளியே வந்துவிட்டார். உள்ளே இருந்தது என் தலை.

அதற்குப் பிறகு பதிவில் வரி எதுவும் இல்லை. எண்டர் மட்டும்தான் பாக்கி. மெயின் இறங்கும்வரை பத்தொன்பது நிமிடம், அது அமுங்கவில்லை.

ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.