சீரும் திருத்தமும்

யுத்தம் வந்ததிலிருந்து பஸ் ஏறுவதற்கு டிக்கெட் மட்டும் போதாது, தோள்வலுவும் வேண்டியிருக்கிறது. பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு விழுந்த பிறகு பஸ்களெல்லாம் முதுகில் ஓர் அடுப்பைச் சுமந்துகொண்டு கரிப்புகையில் ஓடுகின்றன. மேடு கண்டால் நின்றுவிடும். நாம் இறங்கித் தள்ள வேண்டும்.

அப்படிப்பட்ட ஒரு பஸ்ஸில், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புதுக்கோட்டையிலிருந்து கறம்பக்குடிக்குப் புறப்பட்டேன். முந்தின நாளே திருச்சியிலிருந்து ரயிலில் வந்து தங்கியிருந்தேன். போகிற காரியம் பெரிது: ஒரு கல்யாணத்துக்குத் தலைமை வகிப்பது. எங்கள் அச்சகத்தில் போர்மேனாக இருக்கும் சுப்பையா, தன் தங்கை சௌந்தரத்துக்கு மறுமணம் செய்துவைக்கிறான். பத்து வயதில் அவளுக்குத் தாலி கட்டி, மறுவருஷமே அறுத்துவிட்டார்களாம். இப்போது இருபத்து நாலு. மாப்பிள்ளை கறம்பக்குடியில் கம்பவுண்டர். ‘சீர்திருத்தத் திருமணம்’ என்று அழைப்பிதழில் பெரிய எழுத்தில் போட்டிருந்தான். புரோகிதர் இல்லை, சடங்கு இல்லை, சீர்வரிசை இல்லை. அதற்கெல்லாம் பதிலாக என் சொற்பொழிவு. எது பெரிய கொடுமை என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

சுப்பையா ஒரே ஓர் எச்சரிக்கை செய்திருந்தான்: “மாமா காதுக்கு மட்டும் போயிடக் கூடாதுங்க. அருவாளைத் தூக்கிக்கிட்டு வந்துருவாரு.” மாமா என்றால் தாய்மாமன், இறந்துபோன அவன் அம்மாவுக்குத் தம்பி. அவருக்குப் பயந்துதான் சொந்த ஊரை விட்டுக் கறம்பக்குடியில் ஓர் அரிசி மில் கொட்டகையைப் பிடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவோ, “ஒரு சண்டைன்னு கேட்டாலும் மகனைக் கூட்டிக்கிட்டு எந்திரிச்சுருவேன்” என்ற நிபந்தனையோடு சம்மதித்தவர். எழுந்துவிட்டால் சௌந்தரத்துக்கு இன்னொரு மாப்பிள்ளை வரப்போவதில்லை.

பஸ்ஸில் என் பக்கத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முகத்தில் பாதி மீசை.

“எங்கிட்டுப் போறீங்க?” என்றார்.

கறம்பக்குடிக்கு என்று சொல்லி வாயை மூடியிருக்கலாம். தலைமை வகிக்கப் போகிறவனுக்கு அது முடிகிற காரியமா? “ஒரு விதவா விவாகத்துக்கு” என்றேன்.

“அப்படின்னா?”

சில்லறை கொடுக்க வந்த கண்டக்டர் மொழிபெயர்த்தார்: “அறுத்துக் கட்டுறதுங்க.”

மீசை ஒருமுறை துடித்தது. “எங்கிட்டு நடக்குது?”

அரிசி மில், பத்தரை மணி, மாப்பிள்ளையின் உத்தியோகம், பெண்ணின் பெயர் எல்லாம் சொன்னேன். கடைசியில் என் பெயரையும் சொன்னேன். அது அவரை ஒன்றும் செய்யவில்லை. பெண்ணின் பெயர்தான் செய்தது. அதற்குப் பிறகு ஆலங்குடி வரும்வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. செம்மண்ணையும் முந்திரித் தோப்புகளையும் பார்த்துக்கொண்டு நானும் சொற்பொழிவை மனப்பாடம் செய்தேன்.

ஆலங்குடி, பன்னிரண்டு மைல். அவர் இறங்கிக் கடைத்தெருப் பக்கம் விடுவிடுவென்று நடந்தார். கண்டக்டர் என்னிடம் குனிந்தார்.

“ஏன் சார், பொண்ணோட தாய்மாமன்கிட்டயேவா வெலாவாரியாச் சொல்லுவீங்க?”

“முன்னாடியே சொல்லக் கூடாதா ஐயா?”

“பொண்ணு பேரைச் சொன்னப்பதான் எனக்கே வெளங்குச்சு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள மணியையும் சொல்லிப்புட்டீங்களே!”

ஆலங்குடியில் கரி போட்டுக்கொண்ட பஸ் இரண்டு மைல் தாண்டிப் படுத்துவிட்டது. கண்டக்டர் பின்னால் போய் அடுப்புக்குக் காற்றாடி சுற்றினார். நான் மைல்கல்லில் உட்கார்ந்து, கறம்பக்குடிக்கு வேறு வழி உண்டா, இல்லாவிட்டால் திருச்சிக்காவது உண்டா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு குதிரை வண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று. உள்ளே அதே மீசை. மடியில், சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்று, நீளமாக.

கறம்பக்குடியில் பஸ் நின்றபோது மணி பத்தே முக்கால். மில்லுக்கு ஓடினேன். நான் கடைசியாக ஓடியது காலேஜ் நாளில். கொட்டகை வாசலிலேயே அவர் குரல் கேட்டது.

“அறுத்துக் கட்டுறது தப்புதான்டா! இன்னிக்கும் அதைத்தான் சொல்றேன். அதுக்காக மாமன் சீரு இல்லாம ஒரு பொண்ணு மணையில ஒக்காருவாளா? ஆத்தாதான் செத்துட்டா, மாமனுமாடா செத்துட்டான்? தெருவுல போறவர்லாம் வெத்தலை பாக்கு வாங்கிருக்காரு, எனக்கு இல்லையா?”

தெருவில் போகிறவர் உள்ளே வந்துகொண்டிருந்தேன். சாக்கு பிரிந்து கிடந்தது. உள்ளேயிருந்து வந்தது அரிவாள் அல்ல, பித்தளைக் குத்துவிளக்கு. பக்கத்தில் தாம்பாளத்தில் ஒரு பட்டுப்புடவை. ஆலங்குடிக் கடையின் விலைச்சீட்டு இன்னும் அதில் தொங்கியது.

ஆனால் ஆபத்து இடம் மாறியிருந்தது. சுப்பையா கொள்கைக்காரன். “இது சீர்திருத்தக் கல்யாணம் மாமா. சீரு வாங்க மாட்டோம்.”

“அச்சாபீஸ்ல வேலை பாக்குற, படிக்கத் தெரியாதா? ஒன் பத்திரிகையில மொதல்ல என்னடா போட்டிருக்கு? சீருன்னு போட்டிருக்கா இல்லையா? சீரை நான் கொண்டாந்துட்டேன். திருத்தத்தை நீ பாத்துக்க.”

கொட்டகை முழுவதும் சிரித்தது. சுப்பையா சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்திருப்பதற்கு அதுதான் அடையாளம். தலைவர் என்ற முறையில் நான் தொண்டையைக் கனைத்தேன். யாரும் கவனிக்கவில்லை.

மணையில் இருந்த சௌந்தரம் எழுந்து வந்தாள். “அண்ணே, சும்மா இருங்க” என்றாள். பிறகு, “மாமா, கொட்டகை இருட்டா இருக்கு. வெளக்கை நான் ஏத்தவா?”

சிரிப்பு நின்றுவிட்டது. தாலி அறுத்த பெண் மங்கல விளக்கைத் தொடுவது அந்தக் குடும்பத்தில் இல்லை. எண்ணெய் ஊற்றித் திரியும் போட்டு வைத்திருந்த மாமா தீப்பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். விளக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா பாதி எழுந்தபடியே இருந்தார்.

“காத்தடிக்குது, பாத்து ஏத்து” என்று தீப்பெட்டியை அவள் கையில் கொடுத்தார் மாமா.

ஐந்து முகமும் எரிந்தது. மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்தார். சௌந்தரம் புடவையை எடுத்துக்கொண்டு மாற்றிவரப் போனாள். என் சொற்பொழிவில் ‘வழக்கங்களை வேரோடு பிடுங்குவோம்’ என்று ஒரு பகுதி இருந்தது. அதை விட்டுவிட்டுப் பேசினேன். மற்றதையும் விட்டிருக்கலாம் என்று கம்பவுண்டர் பிற்பாடு சொன்னாராம்.

சாயங்கால பஸ்ஸிலும் மாமா என் பக்கத்தில்தான். “மனசு மாறிட்டுதா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் மாறலீங்க. பொண்ணு கேட்டா, குடுத்தேன். அம்புட்டுத்தான்.” சற்றுப் பொறுத்து, “எங்க ஊருக்காரன் எவங்கிட்டயும் சொல்லிப்புடாதீங்க. ஒங்க வாயி சும்மா இருக்காது” என்றார்.

சத்தியம் செய்தேன். ஒரு மைல்கூடப் போயிருக்காது. முன்சீட்டிலிருந்த அவர் ஊர்க்காரர் ஒருவர் திரும்பி, எங்கே போய்விட்டு வருகிறார் என்று மாமாவை விசாரித்தார்.

“அக்கா மக கல்யாணம். வெளக்கு நம்ம சீருதான்.”

“எந்த மக? தாலியறுத்ததே, அதுவா? அறுத்துக் கட்டிப்புட்டீங்களா?”

மாமா மீசையைத் தடவிக்கொண்டு, பஸ் முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

“என்னய்யா பேச்சு இது? சீர்திருத்தக் கல்யாணம்னு சொல்லு.”