உள்ளறைவரை பூட்டிய தேன்மொழி அக்கா

தேன்மொழி அக்கா இறந்துபோன செய்தி எனக்குப் பள்ளியில் வந்தது. அறிவியல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கம்பெனிக்குப் போட்டுக்கொண்டு போகும் நீலக் கோட்டோடு அம்மா வாசலில் நின்றார். இடுப்பில் என் தம்பி கவின்.

"தேனு போயிட்டாளாம் கண்ணு. காய்ச்சல் மூளைக்கு ஏறிருச்சாம்" என்றார்.

எனக்கு அழுகை உடனே வரவில்லை. கவினை வாங்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இனி இவனுக்கு யார் காவல் என்ற பயம்தான் முதலில் வந்தது. அது ஏன் என்று சொன்னால்தான் அக்காவை அறியாதவர்களுக்கு அவர் யார் என்பது புரியும்.

அக்காவின் குடும்பம் பனியன் வேலைக்காகத் தென்மாவட்டத்திலிருந்து திருப்பூருக்கு வந்தது. எங்கள் லைன் வீட்டில் அடுத்த வாசல் அவர்களுடையது. அம்மா தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில் இருக்கும் கம்பெனியின் அலுவலகத்தில் அக்கா மென்பொருள் எழுதினார். பயப்படுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தாராபுரம் ரோட்டைக் கடக்க எங்களோடு வந்தால், தூரத்தில் லாரி தெரிந்தாலே நின்றுவிடுவார்.

"அந்த லாரி இன்னும் அவிநாசிபாளையமே தாண்டல, வா கண்ணு" என்று அம்மா கேலி செய்வார்.

"வந்துட்டா என்னக்கா செய்ய? எனக்கு எல்லாம் நடந்து முடிஞ்ச மாதிரியே கண்ணுல தெரியும்" என்பார் அக்கா.

கம்பெனியில் வேலை செய்யும் தாய்மார்களின் குழந்தைகளுக்காக ஒரு காப்பகம் இருக்கிறது. கவின் அங்கேதான் இருப்பான். அங்கே சுவரில் தொடுதிரையோடு ஒரு டேப்லெட் மாட்டியிருப்பார்கள், டேப் என்போம். ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. பெயர், கூட்டிப்போக வருபவர், சாப்பிடக் கூடாதவை எல்லாம் அதில் இருக்கும். அதை ஜாவாஸ்கிரிப்டில் எழுதியவர் அக்காதான். கவினுக்கு நிலக்கடலை ஆகாது. ஒரு பருப்பு போதும், உதடு வீங்கி மூச்சு அடைத்துவிடும். அதனால் பக்கம் பதிவானதும் யாரும் கைதவறி மாற்றிவிடாதபடி, உறைய வைக்கும் கட்டளை ஒன்றை அக்கா சேர்த்திருந்தார். ஃப்ரீஸ் என்று அதற்குப் பெயர்.

அப்படியிருந்தும் அது நடந்தது. பள்ளி விடுமுறை என்பதால் நானும் அன்று காப்பகத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். ஆயா ராணியம்மா டேப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய் கொடுத்தார். நான் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தபோது கவின் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் அழக்கூட முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கம்பெனி வேனில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

"ஏனுங்க ராணியம்மா, பார்த்துக் குடுக்க மாட்டீங்களா?" என்று மேலாளர் வராந்தாவிலேயே சத்தம் போட்டார்.

"பார்த்தேனுங்க சாமி. அவன் பேருக்கு நேரா ஒண்ணுமே இல்லீங்க" என்று ராணியம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

அலுவலகத்திலிருந்து ஓடிவந்த அக்கா இருவருக்கும் நடுவில் போய் நின்றார். தூரத்து லாரிக்கே நின்றுவிடுகிறவர் அன்று பேசினார். "அவங்கள ஏசாதீங்க சார். இப்பதான் திறந்து பாத்தேன். தப்பு நான் எழுதுனதுல இருக்கு."

கவின் வீடு திரும்பிய பிறகு, என்ன தப்பு என்று நான் கேட்டேன். அவர் சொன்னது இது. குழந்தையின் பக்கத்துக்குள் சாப்பிடக் கூடாதவற்றின் பட்டியல் நேராக இருப்பதில்லை. அது கணினியில் எங்கே இருக்கிறது என்ற விலாசம்தான் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒரு குழந்தைக்குக் கவினின் பக்கத்தை நகலெடுத்தார்கள். நகலில் வந்ததும் அதே விலாசம்தான். அந்தக் குழந்தை கடலை சாப்பிடும் என்று அதன் பக்கத்தில் கடலையை அழித்தார்கள். இரண்டு பேருக்கும் இருந்தது ஒரே பட்டியல் என்பதால் கவினுக்கும் அழிந்துவிட்டது. ஃப்ரீஸ் என்ற கட்டளை மேல்பக்கத்தோடு நின்றுவிடும், உள்ளே இறங்காது.

"விலாசத்தப் பூட்டி வச்சிருக்கேன்ட்டி. வீட்டப் பூட்டல" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஊட்டைப் பூட்டாம உட்டுட்டயா கண்ணு" என்றார் அம்மா. திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் ஒரு தட்டில் சோறு போட்டு அவர் முன்னால் வைத்தார்.

அதற்குப் பிறகு அக்கா அந்த நிரலைத் திருத்தி எழுதினார். பக்கத்தைத் திற, உள்ளே பட்டியல் இருந்தால் அதற்குள் போ, அதற்குள் இன்னொன்று இருந்தால் அதற்குள்ளும் போ, கடைசி அறைவரை உறைய வைத்துவிட்டு வா என்று எழுதினார். காப்பகத்தில் இருந்த இரட்டைக் குழந்தைகளில் ஒருவர் பக்கத்தில் மற்றவர் விலாசம் இருந்ததால், நிரல் அங்கே சுற்றிச் சுற்றி மாட்டிக்கொண்டது. போன இடத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடி அங்கே போகாதே என்று அதற்கும் வழி செய்தார். நகலெடுத்தால் உள்ளே இருப்பது அத்தனையும் தனித்தனியாக நகலாக வேண்டும். எதையாவது மாற்ற வேண்டுமென்றால் பழையதைத் தொடாமல் புதுப் பக்கம் போட வேண்டும். மீறித் தொட்டால் சிவப்பு எழுத்து வரும்.

"சத்தம் போடாத தப்புதான்ட்டி ஆளக் கொல்லும். இது கத்தட்டும்" என்றார்.

அக்கா போன பிறகு அவர் இடத்துக்கு ஓர் அண்ணன் வந்திருக்கிறார். போன வாரம் கவினைக் கூட்டிவரப் போனபோது அவர் டேப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எதைத் தொட்டாலும் செவப்பாவே வருது. யாருங்க இப்படிப் பூட்டி வெச்சது? எடுத்து உட்டர்றேன், வேலை சுளுவா முடியும்" என்றார்.

ராணியம்மா டேப்பின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துவிட்டார். "வேண்டாங்க தம்பி. அது இல்லாம இந்தப் பையன் கெடந்த கெடையை நான் பார்த்திருக்கறன். நீங்க பார்க்கலீங்க."

"அண்ணா, உள்ளார என்ன எழுதியிருக்காங்கன்னு ஒருக்காப் படிச்சுட்டு அப்புறம் எடுங்க" என்றேன். அன்று கவினுக்கு நடந்ததை ராணியம்மா சொன்னார். அண்ணன் மடிக்கணினியைத் திறந்து வெகுநேரம் படித்தார். அலுத்துக்கொண்டிருந்த முகம் மாறியது.

"கடைசி வரைக்கும் போயிருக்காங்க" என்றார் மெதுவாக. "சரிங்க, இப்போதைக்கு எடுக்கல."

இப்போதைக்கு. அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. நாளை அவசரமாக ஆர்டர் வரும். வேறொருவர் அந்த நாற்காலிக்கு வருவார். சிவப்பு எழுத்தைத் தொல்லை என்று மட்டும் நினைப்பார். அக்கா ஏன் அப்படி எழுதினார் என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நேற்று மாலை காப்பகத்தில் கடலை மிட்டாய்த் தட்டு வந்தது. கவின்தான் முதலில் கை நீட்டினான். ராணியம்மா டேப்பை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அவன் கையை மெல்ல விலக்கி, கிண்ணத்தில் பொரியைக் கொட்டினார். அவன் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றான். தின்று முடிக்கும்வரை அவன் மூச்சையே கேட்டுக்கொண்டு நின்றேன்.

போய் வாருங்கள், அக்கா. உங்கள் பயத்தை நான் வாங்கிக்கொண்டேன்.