பொடிக்காரன் என் வகுப்புக்கு வந்தான்

நோயாளி யாராக இருந்தாலும் வன்மம் கூடாது என்று நர்ஸ் படிப்பில் சொல்லித் தந்தார்கள். நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். ஆனால் திருவொற்றியூர் பொடிக்காரன் ஒருவன் மேல் எனக்கிருந்த வன்மத்தை எந்தப் படிப்பாலும் கழுவ முடியவில்லை. அவன் நாசமாய்ப் போகவேண்டும் என்று பல வருஷம் மனசார வேண்டிக்கொண்டவள் நான்.

என் அக்கா காசிமேட்டில் மீன் எடுத்துத் திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்பவள். சர்க்கரைக்கு மாத்திரை போதாமல் இன்சுலின் எழுதிக் கொடுத்தார்கள். நான் அப்போது தெற்கே வேறு ஊரில் வேலையில் இருந்தேன். மருந்து வாங்கிய இடத்தில் ‘சில்லுன்னு வைம்மா’ என்றார்களாம், அவ்வளவுதான். வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. மீன்காரிக்கு ஐஸுக்கா பஞ்சம்? மீன் பெட்டியில், வஞ்சிரத்துக்குப் பக்கத்தில், ஐஸ் நொறுக்கலுக்குள் குப்பியைப் புதைத்துவிட்டாள். இன்சுலின் ஒருமுறை உறைந்துபோனால் அதோடு சரி, அது செத்த மருந்து. அதை அவளுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. பாவி, செத்த மருந்தை வேளை தவறாமல் குத்திக்கொண்டாள். சர்க்கரை இறங்கவே இல்லை.

அங்கேதான் அவன் நுழைந்தான். மார்க்கெட் வாசலில் கடை போட்டு மூலிகைப் பொடி விற்றான். ஊசியைத் தூக்கி எறி, பொடியைக் கரைத்துக் குடி என்பதுதான் நாள் முழுக்க அவன் பேச்சு. குத்தியும் பலிக்காத ஊசியைவிட அந்தப் பேச்சு அக்காவுக்கு இனித்தது. எறிந்துவிட்டாள். பிறகு ஒரு நாள் காலில் மீன் முள் குத்தியது. புண் ஆறாமல், முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்துவிட்டார்கள்.

நான் திருவொற்றியூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். அவளுடைய மீன் பெட்டியை நான் கழுவும்போது அடியில் கிடந்த பழைய குப்பி கையில் அகப்பட்டது. உள்ளங்கையில் வைத்து உருட்டினேன். மருந்து கலக்காமல், திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாக நின்றது. அப்போதுதான் நடந்தது எனக்குப் புரிந்தது. பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் என் வகுப்பு. வாரத்தில் ஒரு காலை, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில். சர்க்கரைக்காரர்களுக்குப் பாடமா என்று அப்போது எல்லாருக்கும் சிரிப்பு. ஊசியை நாமே போட்டுவிட்டால் போயிற்று, இவர்களுக்கு எதற்குச் சொல்லித் தரவேண்டும் என்றார் பெரிய டாக்டர். மேலிடத்துக்கு நடையாய் நடந்து அந்தத் தாழ்வாரத்தை வாங்கினேன். எப்படிக் குத்துவது, பாதத்தைக் கண்ணாடி வைத்து எப்படிப் பார்ப்பது, ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மருந்தை டப்பாவில் போட்டு ஈர மண்பானைக்குள் எப்படி வைப்பது, எல்லாம் அங்கே உண்டு. ஒரு சட்டமும் உண்டு. புதிதாக வருபவர் எழுந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படி இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். மருந்தை எங்கே வைக்கிறீர்கள்? இதற்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்கள்? நெட்டுக்குப்பத்து மீன்காரப் பெண்கள் பலர் ‘ஐஸ் பொட்டில’ என்றார்கள். அடுத்த கேள்விக்குப் பொடி என்றார்கள். முன்வரிசையில் செயற்கைக் காலோடு அக்கா உட்கார்ந்திருப்பாள்.

அவனை நான் விடவில்லை. புகார் மேல் புகார் எழுதினேன். கடையைப் பூட்டினார்கள். அவன் பெயர்ப்பலகையை மாற்றி மணலியில் திறந்தான், மாடிவீடும் கட்டினான். அவன் வீட்டைத் தாண்டி பஸ் போனால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

போன மழைக்காலத்தில் அவனே வந்தான். முகத்தில் மாஸ்க், காலில் கட்டு. அந்தக் கண்ணை எனக்குத் தெரியாதா? வகுப்பு தொடங்குமுன் என்னைத் தூணோரம் கூப்பிட்டான். ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லையாம், காலை எடுக்கவேண்டி வருமாம், தனியாகச் சொல்லித் தர முடியுமா என்றான். பையிலிருந்து குப்பியை எடுத்து நீட்டினான். உருட்டிப் பார்த்தேன். அதே கட்டி.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மருந்து நன்றாகத்தான் இருக்கிறது, தொடர்ந்து போடுங்கள் என்று ஒரு பொய் சொன்னால் போதும். அவன் காலும் போகும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

சொல்லவில்லை. என்னைப் புண்ணியவதி என்று நினைத்துவிடாதீர்கள். யாருக்கும் தெரியாமல் தீருகிற பழி எனக்குப் பத்தாது. தனியாக எல்லாம் கிடையாது, வகுப்பில் வந்து நில்லுங்கள் என்றேன்.

நின்றான். மாஸ்க்கைக் கழற்றச் சொன்னேன். பெண்களுக்குள் சலசலப்பு. மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன். ஃப்ரீசரில் என்றான். இதற்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்கள்? குனிந்து காலின் கட்டைச் சரிசெய்தான். சத்தமாக மறுபடி கேட்டேன்.

“மாத்திரதான், சிஸ்டர்.”

“பொடி?”

“பொடி நான் சாப்ட்டதே இல்ல.”

பின்வரிசையில் ஒருத்தி செருப்பைக் கழற்றிக்கொண்டு எழுந்தாள். நான் தடுக்கவில்லை. அக்காதான் கையை நீட்டி மறித்தாள். செயற்கைக் காலை ஊன்றி எழுந்து அவன் முன்னால் போய் நின்றாள். ஆனால் பேசியது என்னிடம்.

“இவனுக்கு ஒயுங்கா சொல்லிக் குடு. இவன் காலும் போவக் கூடாது, உசுரும் போவக் கூடாது. வாரா வாரம் இங்க வந்து, என் கால பாத்துகினே குந்திகினு கத்துக்கணும்.”

நான் புதுக் குப்பி எடுத்து வந்து அவன் கையில் சிரிஞ்சைக் கொடுத்தேன். அக்கா நாற்காலியை இழுத்து அவனுக்கு நேர் எதிரே போட்டு, புடவையை முழங்கால்வரை ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள். நான் மெதுவாக, ரொம்ப மெதுவாகப் பாடம் நடத்தினேன்.